வெள்ளைத் தேனடை

1

இலையில் வாழைப்பழம் வைக்கக் கூடாது என்று நான் சொன்னதும் பண்டாரம் கையில் இருந்த தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"பழம் இல்லாம திவசமா? என்னக்கா இது, புது வழக்கமா இருக்கு?"

"புது வழக்கம்தான் சாமி. பலாச்சுளை வைக்கிறேன், கொய்யா வைக்கிறேன். வாழைப்பழம் மட்டும் இந்த வாசலுக்குள்ள வரக்கூடாது."

"செத்தவரு கோவிச்சுக்குவாரு."

"வச்சாத்தான் கோவிச்சுக்குவாரு."

என் மகள் ராஜம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள். பண்டாரத்துக்குக் கோபம். ஆனாலும் என் கொல்லையில் வரிசையாக நிற்கும் தேன் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டில் எடுத்து வந்த சீப்பைத் தன் சைக்கிளிலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டார்.

என் வீட்டுக்காரர் போய் இன்றோடு ஒரு வருஷம். நான் இருப்பது கிள்ளானிலிருந்து காப்பார் போகிற ரோட்டில், ஒரு தென்னந்தோப்பின் ஓரம். காலையில் எழுந்ததும் பெட்டிக் கால்கள் நிற்கிற தகரங்களில் எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றுவேன். வெயில் ஏறினால் பெட்டி வாசலில் உட்கார்ந்து பூச்சிகள் என்ன கொண்டு வருகின்றன என்று பார்ப்பேன். தேனைப் புட்டியில் அடைத்துக் கோவிலுக்கும் சீனன் மருந்துக் கடைக்கும் அனுப்புவேன். விற்பதற்கு லைசன்ஸ் வேண்டும் என்று ஒரு ஆபீசுக்குப் போனபோது, அங்கிருந்த கிராணி, நம்மூர் குமாஸ்தா மாதிரி, வளர்ப்புப் பிராணிகள் எத்தனை உருப்படி என்று கேட்டார். நீங்களே வந்து எண்ணிக் கொள்ளுங்கள் என்றேன். மூன்று முறை நடந்த பிறகு, கோழி என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். சர்க்கார் கணக்கில் நான் இன்றைக்கும் கோழி வளர்க்கிறவள்தான்.

இதையெல்லாம் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. அவர் காலமான சேதி போனதும் கொழுந்தனார் கடுதாசி போட்டிருந்தார். "அண்ணன் ஊருக்கு வந்து கண் மூட வேண்டியவர். நீதான் முந்தானையில் முடிந்து அக்கரையிலேயே நிறுத்திவிட்டாய்" என்று. அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெரு முழுக்க அதே பேச்சாம். ஒரு வருஷம் பொறுத்திருந்தேன். இன்றைக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பதிலைத் தேனீயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

2

அப்போது நாங்கள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் இருந்தோம். அவருக்கு யார்டில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்குத் தக்கபடி கட்டையை இழுத்து விட வேண்டும். கப்பல் விட்டு இறங்கிய நாள் முதல் அதுதான். ரப்பர் விலை விழுந்ததும் ஏற்றுவதற்குச் சரக்கில்லை, ஓடுவதற்கு ரயில் இல்லை. வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மீதி நாளெல்லாம் அவர் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தே தரையைத் தேய்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் கொல்லையில் கவிழ்த்துப் போட்டிருந்த மண்ணெண்ணெய்ப் பெட்டிக்குள் ஒரு கூட்டம் தேனீ வந்து குடியேறியது.

"பந்தம் கொளுத்திக் காட்டினா ஓடிப்போயிரும். தேன் இருந்தா எடுத்துக்கலாம்," என்றார்.

ஊரில் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே. மலையிலிருந்து மூங்கில் குழாயில் தேன் இறங்கி வரும். வாங்கிப் புட்டியில் ஊற்றிப் பிள்ளைக்கு இருமல் என்றால் நாக்கில் தடவுவோம். அதைத் தந்த பூச்சி என்னவாயிற்று என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு என்னவோ கொளுத்த மனசு வரவில்லை. அந்தப் பெட்டியில் காது வைத்தால் உள்ளே ஒரு இரைச்சல் கேட்டது. வேலை குறைந்து ஓய்ந்து போயிருந்த எங்கள் லயன் வீடுகளில் அது ஒன்றுதான் வேலையாக இருந்தது. இதை வளர்க்கலாம் என்றேன்.

நல்ல காரியம் என்றால் நமக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தலை முழுகி, பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். பெட்டியின் மேலேயே தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், நன்றாகப் பழுத்த ஒரு சீப்பு வாழைப்பழம். சாம்பிராணி போட்டேன். அந்தப் புகைக்குப் பூச்சிகள் சாதுவாகத்தான் கிடந்தன. பூஜை முடிந்தது. அவர் ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, விரலைக்கூடத் துடைக்காமல், பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பிரிக்பீல்ட்ஸில் பல நாள் பேசினார்கள். வேட்டி ஒரு பக்கம், தாம்பாளம் ஒரு பக்கம், அவர் யார்டைப் பார்த்து ஓடுகிறார், பின்னாலேயே கூட்டமாகப் பூச்சி. மறுநாள் வேலைக்குப் போனபோது ஒரு கண் திறக்கவில்லை.

"என்னண்ணே, அக்கா கை வச்சிட்டாங்களா?" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்களாம்.

"பூஜைக்குப் பிரசாதம்டா," என்றாராம் இவர்.

அன்றைக்கு அவர் கன்னத்திலிருந்து கொடுக்குகளை நகத்தால் கீறி எடுக்கும்போது ஒன்று கவனித்தேன். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழ வாசனை வந்தது. பழம் தின்ற வாய்தானே என்று முதலில் நினைத்தேன். பிறகு என் முழங்கையில் கொட்டியிருந்த இடத்தை மோந்து பார்த்தேன். நான் பழம் தின்னவில்லை. அங்கேயும் அதே வாசனை. ஒரு பூச்சி கொட்டினால் இந்த வாசனைதான் மற்றவற்றைச் சண்டைக்குக் கூப்பிடுகிறது. நாங்கள் அந்த வாசனையைச் சீப்புக் கணக்கில் அவற்றின் தலைமேலேயே வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறோம்.

நானாகக் கற்ற முதல் பாடம் அது. கற்றுக்கொண்டு கொல்லைக்குப் போனால் பெட்டி காலி.

3

ராஜத்தைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்திருந்தோம். மருமகனுக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை. ரயில்வே பாஸ் இருந்ததால் மகளைப் பார்க்க அடிக்கடி போவேன். அங்கே பாசார் சந்தையில் தேங்காய்க்குப் பக்கத்தில் தேன் புட்டிகளை அடுக்கி வைத்திருப்பாள் மாக் மினா. காப்பார் பக்கத்து ஜாவாக்காரி, என் வயதுதான், ஓயாமல் சிரிக்கிறவள். தேனுக்கு மலாய்க்காரர்கள் சொல்கிற பேர் என் காதில் 'மாடு' என்றுதான் விழும். நல்ல மாடாக ஒரு புட்டி கொடு என்று கேட்க எனக்கு இன்றைக்கும் வாய் கூசும்.

என் பூஜைக் கதையை அரைகுறை மலாயில் சொன்னேன். அவள் தேங்காய்க் குவியலில் சாய்ந்து சிரித்தாள்.

"பீசாங்! வாழைப்பழத்தையா வச்சே? அக்கா, நீ என் வீட்டுக்கு வா லா. உன்னைத் தனியா விட்டா ஊரையே கொட்ட வச்சிருவே."

அவள் வீட்டு இறவாரத்தில் குடைந்த தென்னந்துண்டுகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு தேனீக் குடி. மூடியைத் திறந்து காட்டுவாள். நான் கையை நீட்டினால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "பெலான்-பெலான் லா," என்பாள், மெதுவாக என்று. அடுப்பில் பால் பொங்கும்போது பாய்கிற நம் கைக்கு அந்த நிதானம் வர எனக்கு எத்தனையோ கொட்டு வாங்க வேண்டியிருந்தது. அவள் சொன்னதெல்லாம் வேதமும் இல்லை. பெட்டியில் சிவப்புத் துணி கட்டினால் ராணி போகாது என்றாள். கட்டினேன். ராணி போயிற்று.

அது அவள் பிடித்துக் கொடுத்த என் இரண்டாவது குடி. இதில் தப்பு முழுக்க என்னுடையதுதான். அடையின் தலைப்பக்கம்தான் தேன் இருக்கும், கீழ்ப்பக்கம் முட்டையும் புழுவும் இருக்கும் என்று அவள் காட்டியிருந்தாள். எனக்கு ஆசை விடவில்லை. எல்லா அடையையும் அறுத்து, தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி துணியில் போட்டுப் பிழிந்தேன். கலங்கலாக வந்தது. சில நாளில் பொங்கி, அடைப்பான் தெறித்து, வீடெல்லாம் புளித்த நாற்றம்.

"ஏட்டி செண்பகம், தேன் வேண்டாம், கள்ளுக்கடை போட்டிரு. நல்லா ஓடும்," என்றார் அவர்.

தின்னவும் வளர்க்கவும் ஒன்றும் விடாத வீட்டில் எந்தப் பூச்சி இருக்கும்? போய்விட்டன. அப்புறம்தான் ஒழுங்காகக் கற்றேன். மழை மாதத்தில் அவற்றின் தேனைத் தொடக் கூடாது, போதாவிட்டால் சீனிப்பாகு வைக்க வேண்டும். பெட்டிக்குக் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்குச் சட்டம் அடித்து மெழுகு தடவினால் அடையை நேராகக் கட்டும், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கலாம். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கிறபோது அந்தக் கொழுந்திலையின் காம்பிலேயே தேன் ஊறும், பூவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முக்கியமாக ஒன்று. வருகிற பூச்சியின் காலில் மஞ்சளாகப் பூந்தூள் இருக்கும்வரை உள்ளே குஞ்சு இருக்கிறது, குடி நிற்கும். பூந்தூள் நின்றால் மூட்டை கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

புது அடை பால் வெள்ளையாக இருக்கும். குஞ்சு பொரித்துப் பொரித்துத்தான் அது பழுப்பேறிக் கறுக்கும். ஒரு குடியின் வயசை அடையின் நிறத்தில் சொல்லிவிடலாம். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மாக் மினா தன் தென்னந்துண்டு ஒன்றிலிருந்து ஒரு குடியை அடையோடு வெட்டி, என் பெட்டிச் சட்டங்களில் நாரால் கட்டிக் கொடுத்தாள். அது மூன்றாவது.

4

கார்த்திகையில் வேலைக் குறைப்பு நோட்டீஸ் வந்தது. தை மாதத்தோடு வேலை இல்லை, கோட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்குச் சர்க்கார் செலவில் கப்பல். தைப்பூசத்துக்கு மறுநாளைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

அவர் ஒரே நாளில் முடிவு பண்ணிவிட்டார்.

"இருந்து என்ன செய்யப் போறோம்? தம்பிக்கு எழுதிட்டேன். வயல்ல என் பங்கு இருக்கு."

"ராஜம் மாசமா இருக்கா. மார்கழி கடைசில பிரசவம்."

"அவ புருஷன் வீட்டுல இருக்கா."

"மாமியாரு இல்லாத வீடு. தலைப்பிரசவம். நான் கப்பல் ஏறிட்டா அவளுக்குன்னு இந்தச் சீமையில யாரு இருக்கா?"

"இத்தனை வருஷம் கட்டையை இழுத்தவனை வேண்டாம்னு சொல்லிட்டான். இனி கூலிக்கு நிக்கச் சொல்றியா என்னை?"

அதுதான் அவரைக் குத்தியது. எனக்கும் புரிந்தது. ஆனால் என் மகள் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. கப்பல் ஏறினால் அவளைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை, பேரப்பிள்ளை முகம் தெரியாமலே செத்துப்போவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாலாம் நாள் நான் பெட்டிக்குச் சீனிப்பாகு வைத்துக்கொண்டிருந்தபோது அவர் கொல்லைக் கதவில் வந்து நின்றார்.

"ரெண்டு தடவை ஓடிப்போச்சு. இதுவும் ஓடத்தான் போவுது. பூச்சிக்கே இந்த ஊரு பிடிக்கல."

"இது நிக்கும்."

"நின்னா நானும் நிக்கிறேன். தைப்பூசம் வரைக்கும் இந்தப் பெட்டியில அது இருந்தா, கப்பலுக்குப் பேர் குடுக்கல. இல்லேன்னா, ஒரு வார்த்தை பேசாம நீ மூட்டையைக் கட்டணும்."

கேலியாகத்தான் சொன்னார். ஜெயிப்போம் என்று தெரிந்துதான் சொன்னார். நான் சரி என்றேன். வேறு என்ன பிடி இருந்தது எனக்கு?

மார்கழி முழுக்க மழை. பெட்டிக்குச் சாக்கு போர்த்தினேன், தகரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து கால்களைத்தான் பார்ப்பேன். மஞ்சள் வருகிறதா, மஞ்சள் வருகிறதா என்று. வந்துகொண்டுதான் இருந்தது. மாதக் கடைசியில் மருமகனிடமிருந்து ஆள் வந்தது, ராஜத்துக்கு வலி கண்டுவிட்டது என்று.

"பெட்டியைப் பாத்துக்கிடுங்க," என்றேன் புறப்படும்போது.

"அது கிட்ட நான் போவேனா? ஒரு கண்ணுதான் மிச்சம் இருக்கு," என்றார்.

5

ஆண் குழந்தை. நான் கிள்ளானிலேயே இருந்தேன். பேறுகாலக் காயம் அரைத்து, வெந்நீர் வைத்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, நாள் போனதே தெரியவில்லை. பேரன் பிறந்த சேதி தெரிந்தும் தாத்தா வந்து எட்டிப் பார்க்கவில்லை. ராஜத்துக்குக் கண் கலங்கியது. எனக்கு ஆத்திரம். அப்படி என்ன வீம்பு, கப்பல் ஏறப் போகிற மனுஷனுக்குப் பிள்ளை பாசம்கூட விட்டுப்போயிற்றா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

தைப்பூசத்துக்கு முன் நாள் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பினேன். பத்துமலைக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்திருந்தது. வீட்டுக்குள் போகாமல் நேரே கொல்லைக்குப் போனேன். பெட்டியில் காது வைத்தேன். இரைச்சல் இருந்தது. வாசலில் ஒரு பூச்சி வந்து இறங்கியது. இரண்டு காலிலும் மஞ்சள்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"என்ன அது கன்னத்துல?"

"பல் வலி."

"பெட்டி நிக்குதுங்க."

"ம். நின்னு தொலைச்சிருச்சு. என்ன செய்ய?" என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று ராத்திரி அவருக்குக் கிராம்புத் தைலம் தடவி விட்டேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கப்பலுக்குப் பெயர் கொடுக்கவில்லை. கிள்ளானில் ஒரு மரக்கிடங்கில் காவல் வேலை கிடைத்தது, கூலிக்குத்தான். பேரனை முதல் தடவை தூக்கியபோது குழந்தை அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டது. "விடுடா, அதையும் வீங்க வைக்காதே," என்றார். அந்தப் பேச்சும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

6

வீடு மாற்றுவதற்கு முன்னால் மழை விட்ட ஒரு நல்ல வெயிலில் பெட்டியைத் திறந்தேன். காய்ந்த தென்னம்பாளையைப் புகைத்து, முதல் சட்டத்தை மெதுவாகத் தூக்கினேன்.

அடை வெள்ளையாக இருந்தது.

இரண்டாவது சட்டம். அதுவும் பால் வெள்ளை. உள்ளங்கை அளவுதான் கட்டியிருந்தது. ஐப்பசியில் மாக் மினா நாரால் கட்டிக் கொடுத்த அடைகள் பழுப்பு, நடுவில் ஒன்று கறுப்பு. அவற்றில் ஒன்றுகூட இல்லை. நாரும் இல்லை. பெட்டியின் உள்பக்கம் யாரோ சுரண்டிக் கழுவியிருந்தார்கள்.

என் குடி போய்விட்டிருக்கிறது. நான் கிள்ளானில் இருந்தபோதே போய்விட்டிருக்கிறது. காலி அடையில் புழு விழுந்திருக்கும், அதை அவர் அறுத்து எறிந்திருக்கிறார். இது வேறு குடி. வந்து சில வாரம்கூட ஆகாத குடி. அது தானாக வந்து பெட்டியைக் கழுவிக்கொண்டு குடியேறாது. பல் வலி என்று வீங்கிய அந்தக் கன்னம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சட்டத்தை வைத்தபடியே வைத்து மூடினேன். பெலான்-பெலானாகத்தான். மாக் மினா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

மீதியை அவள்தான் பல மாதம் கழித்துச் சொன்னாள். "உன் புருஷன் வந்தாரே அக்கா! மலாய் வரல. என் வாசல்ல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் சிறகா அடிச்சு 'ங்ங்ங்'னு கத்துறாரு. பைத்தியமோன்னு நெனச்சேன். அப்புறம் பூஜையில கொட்டு வாங்கின கன்னத்தைக் காட்டி, உன் பேரைச் சொன்னாரு." அவள் ஒரு குடியை உதிர்த்துக் கூடையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர் பையில் இருந்த மாற்றுச் சாரத்தால் கூடைவாயைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறார். கட்டும்போதே ஒன்றிரண்டு வெளியே வந்து கன்னத்தில் கொட்டியிருக்கின்றன.

காப்பாரிலிருந்து கோலாலம்பூர் போக வேண்டுமென்றால் கிள்ளானில்தான் ரயில் ஏற வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ராஜம் வீடு கூப்பிடு தூரம். முதல் பேரன் பிறந்து கிடக்கிறான். வந்தால் கூடையும் கன்னமும் என் கண்ணில் படும் என்று, வராமலே போயிருக்கிறார். அவரைத்தான் நான் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டினேன். இதை நினைக்கும்போது மட்டும் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பெட்டியைக் காட்டி, "உன் பூச்சிதான் என்னை இந்த ஊர்ல கட்டிப் போட்டுது," என்பார். "ஆமாங்க," என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

7

பண்டாரம் செத்தவர் பெயரைக் கேட்டார். நான் எப்படிச் சொல்வது? ராஜம்தான் சொன்னாள். பேரன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். எள்ளும் தண்ணீரும் எந்த விரல் வழியாக விட வேண்டும் என்று அவனுக்கு மலாயில் சொன்னால்தான் சட்டென்று புரிகிறது. தாத்தா போட்டோவைப் பார்த்து, "அம்மா, தாத்தாவுக்கு லெபா பிடிக்குமா?" என்று கேட்டான். தேனீயைத்தான் அப்படிச் சொல்கிறான்.

"பிடிக்கவே பிடிக்காதுடா. பக்கத்துலயே போக மாட்டாரு," என்றாள் ராஜம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா ஊருக்குப் போயே தீருவேன்னு அவ்வளவு பிடிவாதமா இருந்தாரே, கடைசில ஏன்மா போகல?"

"பூச்சி நின்னுது. சொன்ன சொல்லுக்கு அவரும் நின்னாரு," என்றேன்.

அவர் என்னிடமே சொல்லாததை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் கொழுந்தனாருக்குச் சொல்லலாம், உங்களுக்குச் சொல்லலாம். நான் அவரை நிறுத்தவில்லை. பெட்டி காலியாகக் கிடந்தது, பந்தயத்தில் அவர் ஜெயித்துவிட்டார், கப்பலுக்குப் பெயர் கொடுத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க முடியாது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இது.

கொல்லையில் இலை வைத்துக் காக்காய்க்காகக் காத்திருந்தோம். சாதத்தின் மேல் நம் பெட்டித் தேன் ஒரு கரண்டி விட்டிருந்தேன். அந்தக் குடியிலிருந்து பிரித்துப் பிரித்து வளர்த்தவைதான் இங்கே இருக்கிற பெட்டியெல்லாம். காக்காய் வருவதற்குள் ஒரு தேனீ இலையோரம் வந்து உட்கார்ந்தது. ராஜம் முந்தானையை வீசி விரட்டப் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு," என்றேன். "உங்கப்பா மடியில வந்தது."

"என்னம்மா சொல்றே?"

"ஒண்ணுமில்ல. தள்ளி நில்லு, காக்கா வரட்டும்."